செல்லாச்சீட்டு வீடு

யாருவே ஒமக்கு இந்த வீட்டைக் காட்டுனது? பஸ் ஸ்டாண்டு வெத்தலைக் கடைக்காரனா? என்ன சொல்லிக் காட்டுனான்? கூச்சப்படாமச் சொல்லும். 'செல்லாச்சீட்டு வீடு, வேப்பமரத்துக்கு அடுத்தது'ன்னுதான சொன்னான்? அப்படித்தான் சொல்லியிருப்பான். அவன் அப்பனும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். இந்த ஊருல தபால்காரன் ஒருத்தன்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். அவனையும் போன வருசம் மாத்திட்டாங்க.

நிக்காதேயும், அந்தப் பெஞ்சில உக்காரும். வந்த ஆளை நிக்க வச்சுப் பேசுதான்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும். காப்பி கீப்பி எதிர்பாக்காதேயும். என் பெஞ்சாதி உள்ளதான் இருக்கா. ஆனா நான் சொன்னாப் போடமாட்டா. அவளுக்காத் தோணிச்சுன்னா போடுவா.

மதுரையா ஒமக்கு? பழைய நோட்டு, பழைய காசெல்லாம் சேக்கீரு, அதனால மலைக் கம்பெனிச் சீட்டைத் தேடிக்கிட்டு வந்திருக்கீரு. சரி. கையில என்ன, பச்சைச் சீட்டா? கொண்டாரும், பாப்போம். அதேதான். ஆனைப் படம், கீழ தொரை கையெழுத்து. இதைக் குடுத்து நாங்க உப்பும் பொயிலையும் வாங்குனோம். நீரு என்னன்னா கண்ணாடிக் காகிதத்துக்குள்ள சொருகி சாமி படம் மாதிரி வச்சிருக்கீரு. பொழைப்பத்த வேலைவே இது.

கதையும் சேத்து வேணுமாக்கும். சொல்லுதேன். ஆனா நடுவுல வாய் தொறக்கப்படாது. இந்தக் கதையை ஊருல ஆளுக்கு ஒரு மாதிரிச் சொல்லுதான். நடந்த எடத்துல நின்னவன் நான்தான்.

அந்தக் காலத்துல மலைக்கு மேல ரூவாய்னு ஒண்ணு கெடையாது. கீழ சர்க்கார் இருந்தா மேல கம்பெனி. மலையில வெளையுத ஏலக்காயில ஒரு காயைக்கூட கம்பெனியத் தவிர வேற ஆளுக்கு விக்க முடியாது. தேனு, மெழுகு, குங்கிலியம் அம்புட்டும் கம்பெனிக்குத்தான். வாங்குததும் அப்படித்தான். அரிசி, உப்பு, துணி, மண்ணெண்ண எல்லாத்துக்கும் ஒரே கடை, கம்பெனிக் கடை. கூலியைச் சீட்டாக் குடுப்பாங்க, சீட்டைக் கடையில குடுத்தா சாமான். அடிவாரத்துச் செக்போஸ்டைத் தாண்டிட்டா அந்தச் சீட்டை சுண்டல் மடிக்கக்கூட எவனும் வாங்கமாட்டான்.

அந்தக் கடையில எடை போடுத வேலை எனக்கு. மலையில இருந்த சனத்துல எழுதப்படிக்கத் தெரிஞ்சவன் நான். தொரை என்னைய 'மிஸ்டர்'னு கூப்பிடுவாரு. தராசு ஒருபக்கமாச் சாயும்னு கூலிச் சனம் இருந்த லயத்துப் பொம்பளையளுவ பேசிக்கிடுவாளுவ. தராசு கம்பெனித் தராசு. அது சாஞ்சா நானா சாச்சேன்? எனக்கு முன்ன இருந்தவன் காலத்துலயும் அது அப்படித்தான் சாஞ்சுது.

அம்மன் கோயில்ல ஒரு பெட்டி இருந்துது. இதுல அது எங்கன வந்துதுன்னு கேப்பீரு. லயத்து ஆம்பளைக்குக் கையில சீட்டு தங்காது. நேரே கள்ளுக்கடைக்குக் கொண்டு போயிருவான். கள்ளுக்கடையும் கம்பெனிதுதான், அதுவேற. அதனால பொம்பளையளுவ ஒரு வழி கண்டுபிடிச்சாளுவ. மிச்சம் பிடிச்ச சீட்டை மஞ்சத் துணியில வச்சு முடிஞ்சு, மேல பேச்சியம்மன் கோயில் பெட்டிக்குள்ள போட்டிருவாளுவ. ஆளாளுக்கு ஒரு முடிச்சு, ஆளாளுக்கு ஒரு அடையாளம். ஒருத்தி சோழி கோத்திருப்பா, ஒருத்தி சேலை ஓரத்து நூலைச் சுத்தியிருப்பா. பெட்டிக்குள்ள போனது அம்மன் மடியில போன மாதிரி. எந்தக் குடிகாரனும் அதுல கை வைக்கமாட்டான். பங்குனியில கொடை வரும், அம்மனுக்குத் திருவிழா. அன்னைக்குப் பூசாரி பெட்டியத் தொறந்து எல்லார் முன்னாலயும் முடிச்சை அவிழ்ப்பாரு. அம்மனுக்கு ஒரு பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அவ அவகிட்டக் குடுத்துருவாரு.

ஒரே ஒரு சட்டம். கொடைக்கு முன்ன முடிச்சை அவிழ்க்கப்படாது. புருசன் அடிச்சாலும் சரி, புள்ளைக்குக் காய்ச்சலானாலும் சரி. அவிழ்த்தா அம்மன் கண்ணை எடுத்துருவான்னு ஒரு பயம் இருந்துது. அந்தப் பயம்தான் அந்தப் பெட்டிக்குப் பூட்டு. நெசமாவே ஒரு பூட்டும் இருந்துது. சாவி என்கிட்ட இருந்துது. ஏன் என்கிட்ட? நாணயமான ஆளுன்னு சனங்களாப் பாத்துக் குடுத்தாங்க. நான் கேட்டு வாங்கலை. இதைக் குறிச்சுக்கிடும்.

அதுல முப்பிடாதின்னு ஒருத்தி.

கேட்டுதா? உள்ள சட்டி உருளுத சத்தம். அந்தப் பேரைச் சொன்னா உருளும். ரெண்டு பேரும் ஒரே நெரையில ஏலக்காய் எடுத்தவளுவ, அவளும் என் பெஞ்சாதி வடிவும். கடைக்காரன் பெஞ்சாதிக்குக் காட்டு வேலை எதுக்குன்னு நானும் சொல்லிப் பாத்தேன். கேட்டாத்தான.

இந்த முப்பிடாதி புருசன் கம்பெனிகிட்ட முன்பணம் வாங்கிட்டு மலைக்கு வந்தவன். மரம் வெட்டப் போன எடத்துல மரம் அவன் மேலயே சாஞ்சுட்டு. அவன் செத்தான், முன்பணம் சாகலை. அது பெஞ்சாதி தலையில ஏறிக்கிட்டு. அதை அடைச்சாத்தான் ஆபீசுல மலைய விட்டு எறங்குததுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் குடுப்பாங்க. இல்லாம எறங்குனா செக்போஸ்டுல பிடிச்சுத் திருப்பி அனுப்பிருவான். அவளுக்கு ஒரு பொம்பளைப் புள்ளை, செல்லக்கனின்னு பேரு. அடிவாரத்துல புருசனோட அண்ணன் வீட்டுல விட்டு வச்சிருந்தா. அந்த ஆளு லேசுப்பட்டவன் இல்ல. கொடை வரைக்கும் சோறு போடுவேன், அதுக்குப் பெறகு தாய்க்காரி வந்து கூட்டிக்கிட்டுப் போகலைன்னா சிலோன் தோட்டத்துக்கு ஆள் பிடிக்குத கங்காணிகூட அனுப்பிருவேன்னு சொல்லி விட்டிருந்தான். இவளும் வாயக் கட்டி வயித்தக் கட்டி சீட்டுச் சேத்து அம்மன் பெட்டியில போட்டுக்கிட்டு வந்தா. கொடைக்கு முடிச்சை அவிழ்த்தா முன்பணம் அடையும். மறுநா எறங்கிப் போய்ப் புள்ளையத் தூக்கிக்கிடலாம். அதான் அவ போட்டு வச்சிருந்த கணக்கு.

அந்த வருசம் தை பொறக்கவும் தண்டோராப் போட்டாங்க. எவனோ கள்ளச்சீட்டு அடிச்சுட்டானாம். அதனால அதுவரைக்கும் இருந்த செவப்புச் சீட்டு இனிமே கெடையாது, இந்தா நீரு வச்சிருக்கீரே, இந்தப் பச்சைச் சீட்டுதான். கையில இருக்க செவப்பையெல்லாம் தை முடியுததுக்குள்ள கடையில குடுத்துப் பச்சை வாங்கிக்கிடணும். மாசி பொறந்துட்டா செவப்பு செல்லாது. கள்ளச்சீட்டை நான் ஒண்ணுகூடக் கண்ணால பாக்கலை. ஆனா தொரை பொய் சொல்லமாட்டாரு.

தைக்கும் பங்குனிக்கும் நடுவுல மாசி முழுசாக் கெடக்கு பாத்தீரா? அங்கனதான் வெனை.

லயமே கெளம்பி என் கடை வாசல்ல வந்து நின்னுது. பெட்டியத் தொறங்க, முடிச்சை எடுத்து மாத்திட்டுத் திருப்பி உள்ள போட்டுருதோம்னு கெஞ்சுனாளுவ. நான் கேட்டேன், சட்டம் நீங்க போட்டதா நான் போட்டதா? ஒரு வருசம் கெட்டுப்போனா அம்மனுக்கு என்ன மதிப்பு இருக்கும்? சாமியாடிக்கு அருள் வந்து, தொறலே பெட்டியன்னு குதிச்சான். அது அம்மன் இல்ல, கள்ளு. அந்த வாடை எனக்குத் தெரியாதா? பூசாரி ரெண்டு பக்கமும் தலையாட்டுதவரு. சாவிக்காரர் சொன்னாச் சரிதான்னு ஒதுங்கிக்கிட்டாரு. கடைசியில எல்லாம் என் தலையில வந்து விடிஞ்சுது. ஆனா நான் அசையலை.

நீரு நெனைக்கலாம், கம்பெனிக்கு லாபம்னு செஞ்சானோன்னு. மாத்தாம விட்ட சீட்டு அம்புட்டும் கம்பெனிக்கு மிச்சம்தான், இல்லங்கலை. பெட்டி விசயம் தொரை காதுக்குப் போயி, என்னையக் கூப்பிட்டு, 'கோயில் சமாச்சாரத்துல கம்பெனி தலையிடாது, ஒங்க சட்டப்படி நடங்க'ன்னு சொன்னாரு. எம்புட்டுப் பெரிய மனுசன் பாரும், நம்ம சாமிக்கு மரியாதை குடுக்காரு. பெறகு மாசியில எனக்கு ஒரு கொடை குடுத்தாரு. அம்மன் கொடை இல்லவே, மழைக்குப் பிடிக்குத கொடை. சீமைக் கொடை, பிடி பூராவும் வேலைப்பாடு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது. மலையில மழை சாஸ்தி, அதனால குடுத்தாரு.

தை கடைசியில முப்பிடாதி தனியா வந்தா. எல்லாரும் கத்திட்டுப் போன பெறகு. கடை சன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு, சத்தம் போடாமத்தான் பேசுனா.

"அண்ணாச்சி, என் முடிச்சை மட்டும் எடுத்துத் தாங்க. அம்மன் கோச்சுக்கிட்டா என்னையக் கோச்சுக்கிடட்டும், கண்ணுதான, எடுத்துக்கிடட்டும். என் புள்ளை கொடை வரைக்கும்தான் அங்கன இருப்பா."

நான் என்ன சொல்ல? ஒருத்திக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும். மனசு கேக்கத்தான் செஞ்சுது, நானும் மனுசன்தான். ஆனா சாவி வச்சிருக்கவன் மனசைப் பாக்க முடியுமா?

"கொடைக்கு முன்ன முடிச்சை அவிழ்க்கப்படாது"ன்னு சொல்லிட்டேன்.

அவ கையில கெடந்த ஒத்தச் சீட்டைக் குடுத்து உப்பு வாங்கிட்டுப் போயிட்டா. அன்னைக்குச் செவப்பு செல்லும். அதனால வாங்கிக்கிட்டேன்.

பங்குனி கடைசிச் செவ்வா. கொட்டு, கொலவை, பொங்கல் எல்லாம் முறைப்படி நடந்துது. ஒண்ணுலயும் கொறை சொல்ல முடியாது. பெட்டியக் கொண்டாந்து அம்மன் முன்னால வச்சாங்க. நான்தான் தொறந்தேன். பூசாரி ஒவ்வொண்ணா எடுத்து, அடையாளம் சொல்லி, ஆளைக் கூப்பிட்டு அவிழ்க்காரு. மொத முடிச்சு, செவப்பு. அடுத்தது, செவப்பு. எல்லாம் தெரிஞ்ச விசயம்தான், தண்டோராப் போட்டதுதான். ஆனா கண்ணால பாக்கும்போது பொம்பளையளுவ வாயில சேலையப் பொத்திக்கிட்டாளுவ. கொலவை நின்னுபோச்சு. அவரு பாட்டுக்கு அவிழ்த்துக்கிட்டே போறாரு. பெறகு, வடிவு, மஞ்சநூல் முடிச்சுன்னு கூப்பிட்டாரு. இவ முன்னால வந்தா.

அவிழ்த்தாரு. பச்சை.

என்னவே அப்படிப் பாக்கீரு? ஒமக்கும் அதே பார்வையா? அன்னைக்கு அம்புட்டு சனமும் இப்படித்தான் பாத்துது. சொல்லுததைக் கேட்டுட்டுப் பாரும். ஆமா, தையில நான் ஒரு நா பெட்டியத் தொறந்தேன். எதுக்குத் தொறந்தேன்? செல்லு அரிச்சிருக்கான்னு பாக்கத் தொறந்தேன், அது சாவிக்காரன் கடமை. என் பெஞ்சாதி முடிச்சு மேலாக்கக் கெடந்துது. அடியில கெடந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன். மேலாக்கக் கெடந்தது அம்மனாப் பாத்துக் காட்டுனதுன்னு நெனைச்சேன். எடுத்து, செவப்பை மாத்தி, பச்சைய வச்சு, அதே மஞ்சநூலைச் சுத்தி, திருப்பி உள்ள போட்டேன். ஒரு சீட்டு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. வடிவுக்கே தெரியாது.

இப்பச் சொல்லும். திருடனா இருந்தா திருப்பிப் போட்டிருப்பனா? மாத்துன சீட்டை மடியில சொருகிக்கிட்டுக் கம்முன்னு இருந்திருந்தா எவனுக்குத் தெரியும்? அம்மனுக்கு உள்ள பங்கு போயிரக்கூடாதேன்னுதான திருப்பிப் போட்டேன். சாமிக்குப் பயந்தவன் வேற, திருடன் வேற. நான் சாமிக்குப் பயந்தவன்னு அந்தப் பச்சைதான் சாட்சி. அம்புட்டு சனத்துல ஒருத்தனுக்காவது அது மண்டையில ஏறிச்சா?

இவ என்ன செஞ்சா தெரியுமா? அந்தப் பச்சையப் பாத்தா. என்னைய ஏறிட்டுப் பாக்கலை. குனிஞ்சு அம்புட்டையும் அள்ளி, நேரே போயி முப்பிடாதி கையில வைக்கப் போனா. எறங்கும்போது ஆபீசுல ரூவாயா மாத்தி வீட்டுமனை வாங்குததுக்குச் சேத்து வச்ச காசுவே அது. புருசன்காரன் மலை மாதிரி நிக்கான், ஒரு வார்த்தை கேக்க வேண்டாம்? அதைக்கூட விடும். அத்தன பேரு முன்னால அவ அப்படிக் குடுத்தா என்ன அர்த்தம்? குத்தம் செஞ்சோம், அதனால குடுக்கோம்னுதான அர்த்தம்? நான் குத்தமே செய்யலையே.

நான் விடுவனா? பாஞ்சு போயி அவ கையில இருந்து பிடுங்கி, அம்புட்டையும் அம்மன் தட்டுல கொட்டுனேன். ஒரு பங்கு இல்ல, முழுசும். 'எனக்கு இதுல ஒரு சீட்டு வேண்டாம், எல்லாம் ஆத்தாளுக்கு'ன்னு சத்தம் போட்டுச் சொன்னேன். தட்டுல விழுந்தது விழுந்ததுதான், பெறகு மனுசன் எடுக்க முடியாது. என் சம்பாத்தியம் பூராவும் போச்சு. அப்படி ஒரு தியாகத்தை எவன் செய்வான்? கை தட்டலைன்னாலும் பரவாயில்ல, ஒருத்தன் தலையசைச்சானா?

முப்பிடாதி நீட்டுன கைய மடக்கிக்கிட்டா. பெட்டிகிட்ட வந்து, அவிழ்க்காமக் கெடந்த தன்னோட முடிச்சை அவளே எடுத்தா. சோழி கோத்த முடிச்சு. பூசாரி கைய நீட்டுனாரு, அவருகிட்டக் குடுக்கலை. என்கிட்ட வந்து என் கையப் பிடிச்சு அதுல வச்சா.

"இது ஒங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. செல்லும்போது தாங்க."

அம்புட்டுத்தான். அழலை, மண்ணை வாரித் தூத்தலை. அதைச் செஞ்சிருந்தாக்கூட எனக்குப் பொறுத்திருக்கும்.

மத்த சவங்க செஞ்சாங்க. மறுநா காலையில நான் கதவைத் தொறக்கேன், தொறக்க முடியலை. செல்லாத செவப்புச் சீட்டையெல்லாம் கஞ்சியத் தடவி என் வீட்டுக் கதவுல, சன்னல்ல, சுவத்துல ஒட்டியிருக்காங்க. வெள்ளையடிச்ச வீடு, செக்கச்செவேல்னு நிக்கு. அன்னைக்கு வச்ச பேருதான். 'செல்லாச்சீட்டு'. கடைக்கு வார சின்னப்புள்ளைகூட, செல்லாச்சீட்டு மாமா, கருப்பட்டி குடுங்கன்னு கேட்டுச்சு. நான் மலைய விட்டு எறங்குனேன், அந்தப் பேரும் எனக்கு முன்னால எறங்கி வந்து இந்த ஊருல ஒக்காந்திருக்கு. செக்போஸ்டுல எதை எதையோ பிடிச்சான், அதைப் பிடிக்கலை.

புள்ளையா? எந்தப் புள்ளை? ஓ, செல்லக்கனி. பெரியப்பன்காரன் சொன்ன மாதிரியே கங்காணிகிட்ட ஒப்படைச்சு சிலோனுக்குக் கப்பலேத்திட்டான். முப்பிடாதிக்குச் சேதி வந்தப்போ கப்பல் போய்ச் சேந்தே இருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய? புள்ளைய அனுப்புனவன் ஒருத்தன், கூட்டிக்கிட்டுப் போனவன் ஒருத்தன், சீட்டை மாத்துனவன் தொரை. இத்தன பேரை விட்டுட்டு எடை போட்டுக்கிட்டு இருந்தவனப் பிடிச்சுக்கிட்டா எப்படி? நான் எறங்கும்போது முப்பிடாதி அங்கனதான் ஏலக்காய் எடுத்துக்கிட்டு இருந்தா. பெறகு வெள்ளைக்காரன் போயி, கம்பெனி கைமாறி, சனமெல்லாம் செதறிப்போச்சு. இருக்காளோ செத்தாளோ.

வடிவு அன்னையில இருந்து என்கிட்டத் தேவைக்கு மேல பேசுதது இல்ல. சோறு வைப்பா, துணி தொவைப்பா. கொறை சொல்லமாட்டேன். ஆனா ஒரு கிறுக்கு உண்டு. இப்ப சிலோன்ல இருந்து நம்ம ஆளுகளைத் திருப்பி அனுப்புதானுவல்லா? மண்டபம் கேம்ப்புல எறங்கி, சொந்த ஊரு இதுதான்னு அப்பப்ப குடும்பம் குடும்பமா வருது. சாயங்கால வண்டி வார நேரத்துக்கு இவ பஸ் ஸ்டாண்டுல போயி நிப்பா. டிரங்குப் பெட்டியோட எறங்குத பொம்பளையெல்லாம் பிடிச்சு, ஒம் பேரு செல்லக்கனியாம்மான்னு கேப்பா. அந்த வெத்தலைக் கடைக்காரன் சிரிப்பான். எனக்கு மானம் போகும். ஏட்டி, அவ இப்பப் பேரன் பேத்தி எடுத்திருப்பா, நீ போயி எங்கன கண்டுபிடிப்பேன்னு கேட்டா, காதுல விழாத மாதிரிப் போயிருவா.

சரி, கதை முடிஞ்சுது. பச்சைச் சீட்டு என்கிட்ட இல்ல. எல்லாம் அம்மன் தட்டுல போயிட்டுன்னு சொன்னேம்லா. நீரு கெளம்பும்.

என்னது? பச்சை வேண்டாமா? பச்சை எங்க பாத்தாலும் கெடக்கா? செவப்புத்தான் வேணுமா?

இரும், இரும். செவப்பு ஏன் கெடைக்கலை? ஆமா, மாத்துனதையெல்லாம் கம்பெனிக்காரன் குமிச்சு வச்சுக் கொளுத்துனான், நானே மண்ணெண்ண ஊத்துனேன். மாத்தாததுதான் என் சுவத்துல போச்சு. ஒரு செவப்புச் சீட்டுக்கு என்ன தருவீரு? தெளிவாச் சொல்லும். ஒரு சீட்டுக்கா? கெட்டுக்கு இல்ல, ஒத்தச் சீட்டுக்கா? வெளையாடாதேயும்வே. அப்ப ஒரு முடிச்சு நெறைய இருந்தா?

அப்ப... செவப்பு இப்ப செல்லுதுங்கீரு.

அப்படியே உக்காரும். இந்தா வாரேன்.

இந்தா, இதுதான். டிரங்குப் பெட்டிக்கு அடியில கெடந்துது. சோழியப் பாத்தீரா, அப்படியே இருக்கு. துணி மக்கிப்போச்சு, உள்ள சீட்டு மக்கலை, தொட்டுப் பாரும், மொடமொடன்னு இருக்கு. ஒரு நாளும் நான் இதை அவிழ்த்தது கெடையாது. அடுத்தவ முடிச்சை நான் எதுக்கு அவிழ்க்கேன்? செல்லும்போது தாங்கன்னு சொன்னா. வாங்கிக்கிட ஆளைக் காணுமே, நான் என்ன செய்ய? நீரு ரூவாயை எண்ணி வையும். அம்மனுக்கு உள்ள பங்கை மொதல்ல எடுத்து வச்சிருதேன். அதுல எல்லாம் நான் சுத்தமான ஆளு.

சவம், அவிழமாட்டேங்கு. என்னமா இறுக்கியிருக்கா. நகம் பேந்துரும் போலிருக்கு. ஏ வடிவு, அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கொண்டா.

வடிவு!

வந்துட்டா. என்னட்டி, வெறுங்கையோட வந்து நிக்க? கத்தரிக்கோல் எங்க?

"கொடைக்கு முன்ன முடிச்சை அவிழ்க்கப்படாது."

கேட்டீராவே? கேட்டீரா? இத்தன வருசம் கழிச்சு அவ வாயாலயே சொல்லிட்டா. நான் அன்னைக்குச் சொன்ன அதே வார்த்தை. சட்டம் சட்டம்தான்னு இவளுக்கே இப்பத்தான் புரியுது. நீரு சாட்சி. இதை அந்த வெத்தலைக் கடைக்காரன்கிட்டப் போயிச் சொல்லும்...

ஏட்டி, அதை எதுக்குப் பிடுங்குத? விடு. கைய விடுட்டி, சோழி தெறிச்சுரும். எங்க கொண்டுபோற? ஏ வடிவு!

பாரும், செருப்புக்கூடப் போடாமப் போறா. முடிச்சை முந்தானையில சொருகிக்கிட்டா. எங்க போவா, பஸ் ஸ்டாண்டுக்குத்தான், சாயங்கால வண்டி வார நேரம்லா. செல்லும்னு ஒம்ம வாயால கேட்டுட்டா. இனிமே அவளைப் பிடிக்க முடியுமா?

நீரு எங்க எந்திரிக்கீரு? அவ பின்னால போயும் பிரயோசனம் இல்ல. ஒரு சீட்டு தரமாட்டா ஒமக்கு. முடிச்சைக் குடுத்தது என் கையில, வாங்குனது நான், இத்தன வருசம் பத்திரமா வச்சிருந்தது நான். அதையாவது அவகிட்டப் போயிச் சொல்லும்.

சரி, போம். வழியில எவனாவது, யாரு வீட்டுல இருந்து வாரீருன்னு கேட்டா என் பேரைச் சொல்லும். குத்தாலிங்கம். திருப்பிச் சொல்லும், பாப்போம். குத்தாலிங்கம் வீடுன்னு சொல்லணும்.

அப்படிச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. செல்லாச்சீட்டு வீடுன்னே சொல்லிட்டுப் போம்.